தொண்டை சரியில்லை

பாளையங்கோட்டையில் மைக் முன்னால் நிற்கிற யாருக்கும் தொண்டை சரியாக இருந்ததே இல்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனிப்பாட்டு பாடுகிறவர், கல்யாண வீட்டில் வாழ்த்துப் பாடுகிற சித்தப்பா, ஆண்டு விழாவில் வரவேற்புரை வாசிக்கிற வாத்தியார், எல்லாரும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள். ‘ரெண்டு நாளா தொண்டை சரியில்ல, பொறுத்துக்கிடணும்.’ சொல்லிவிட்டுச் சுவர் அதிரப் பாடுவார்கள். இதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பெயர் பெர்லின். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். மூன்று வருஷமாக, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, முருகன்குறிச்சியில் எபனேசர் அண்ணாச்சியின் டியூஷன் சென்டர் மாடியில் ஓப்பன் மைக் நடத்துகிறேன். பாட்டோ கவிதையோ கதையோ, யார் வேண்டுமானாலும் வந்து மைக் முன்னால் நிற்கலாம். ஆளுக்கு ஐந்து நிமிஷம். இடமும் மைக்கும் அண்ணாச்சியுடையவை, வாய் என்னுடையது.

ஐந்து நிமிஷம் கொடுத்தால் ஒன்பது நிமிஷம் எடுக்கிற ஊர் இது. தன் முறை முடிந்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போகிற ஊரும்கூட. ஆகவே ஒரு சார்ட் பேப்பரில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினேன். நேரம் தாண்டாதே, மைக்கை ஊதிப் பார்க்காதே, கடைசி ஆள் முடிக்கும்வரை இரு, இப்படி ஏழெட்டு இருக்கும். நான் மிகவும் பெருமைப்பட்டது இரண்டாவது விதிக்குத்தான். ‘மன்னிப்புக் கேட்டுத் தொடங்கக் கூடாது. குறிப்பாக, தொண்டையைப் பற்றிப் பேசக் கூடாது.’

விதி போட்டால் மட்டும் கேட்டுவிடுவார்களா? அதனால் கூட்டத்துக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன். மேடையில் யாராவது தொண்டை என்று வாயெடுத்தால், உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் ‘தெரியும், பாடுங்க!’ என்று கத்த வேண்டும். முதல் தடவை கத்தியபோது மாடியே சிரிப்பில் ஆடியது. எபனேசர் அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏ பெர்லின், நீ பொல்லாத ஆளும்மா” என்றார். அதிலிருந்து அதற்கென்றே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றே தொண்டையைப் பற்றி இழுப்பார்கள், கூட்டம் கத்தும், எல்லாரும் சிரிப்பார்கள். கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்துவிட்டேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹமீது பீவி இந்த வருஷம் ஜனவரியில் முதன்முதலாக வந்தாள். மேலப்பாளையத்துக்காரி, முப்பது வயது இருக்கும். நாலு வயதுப் பெண் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். நான் உள்ளே கூப்பிட்டதற்கு, “போன்ல யாரும் எடுக்க மாட்டாவல்லாக்கா?” என்று கேட்டாள். எடுக்கக் கூடாது என்பதும் என் விதிகளில் ஒன்று. ஒருமுறை ஒரு பெண் பாடியதை எவனோ பேஸ்புக்கில் போட்டு அவள் வீட்டில் பெரிய சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து போனைத் தூக்குகிறவனை எழுப்பி அனுப்பிவிடுவேன். சார்ட்டில் அதைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

பிப்ரவரியில் பாடினாள். எல்லாம் அவளே கட்டிய பாட்டு. மிக்சி மூடி காணாமல் போனதற்கு ஒரு பாட்டு, மாமியார் செல்போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியதற்கு ஒரு பாட்டு. சிரிக்கச் சிரிக்கப் பாடி, கடைசி வரியில் எங்கேயோ மனசைப் பிடித்து இழுத்துவிடுவாள். குரல் கணீரென்று இருந்தது. மைக்கை அணைத்துவிட்டால்கூடத் தெருமுனை வரை கேட்கும். ஆனால் அவள் வீட்டில் பாட முடியாது. மாமியாருக்குப் பிடிக்காது. பிள்ளையைத் தூங்க வைக்கும்போது மட்டும் வெளியே கேட்காமல் பாடுவாளாம். “எனக்கு மாசத்துல அஞ்சு நிமிசந்தான்க்கா சத்தமாப் பாட வாய்க்கி” என்று ஒருநாள் சொன்னாள். தையல் துணி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருகிறவள். அவள் புருஷன் பாவாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். மேலப்பாளையத்திலேயே ஒரு சின்னப் பேக்கரி வைத்திருக்கிற நல்ல மனுஷன்.

ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் படிக்கட்டுப் பக்கம் எனக்காக நிற்பாள். “எப்படி இருந்துச்சுக்கா?” நான் ஒளிக்காமல் சொல்லுவேன். அந்த அடி இடிக்கிறது, இந்த வார்த்தை பழசு என்பேன். அடுத்த மாதம் திருத்திக்கொண்டு வருவாள். என்னைத் திட்டாமல் என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

ஏப்ரலில் குரல் கொஞ்சம் கரகரத்தது. கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. படிக்கட்டில் வைத்து, “இப்பத்தான் ஒன் குரலுக்கு ஒரு கனம் வந்திருக்கு, ஹமீது. இப்படியே வச்சுக்கோ” என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

மே மாதம் அவள் மேடை ஏறியதும் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை எச்சில் விழுங்கினாள். பிறகு, “ஒரு மாசமாத் தொண்டை சரியில்ல…” என்று தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் நாற்பது பேரும் ‘தெரியும், பாடுங்க!’ என்று கத்தினார்கள். எல்லாரையும் விட உரக்கக் கத்தியது நான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் மகள் அர்வாவும் முன் பெஞ்சில் நின்றுகொண்டு கைகொட்டிச் சிரித்தாள். பிறகு பாடினாள். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் காற்றுதான் வந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.

ஜூனில் பள்ளிக்கூட ஆபீஸ் எப்படி இருக்கும் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் டி.சி. கேட்டு வருகிறவர்கள், இன்னொரு பக்கம் சீட் கேட்டு வருகிறவர்கள், நடுவில் ஹெட்மாஸ்டரின் மணி. அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஹமீதிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி. பெயர் கொடுக்கிறவர்கள் எழுதித்தான் அனுப்ப வேண்டும் என்பதும் என் விதி. குரலில் அனுப்பினால், நேரம் கூட்டிக் கேட்டு ஐந்து நிமிஷம் கெஞ்சுவார்கள். அவளும் அதற்குத்தான் அனுப்பியிருப்பாள் என்று நினைத்தேன். கேட்காமலே பதில் போட்டேன். ‘குரலில் அனுப்பாதே, எழுதி அனுப்பு. பேர் சேர்த்தாச்சு.’

‘சரிக்கா’ என்று வந்தது.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தினாள். வரி மறந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துகொண்டாள். முடிந்ததும் வழக்கம் போலப் படிக்கட்டில் நின்றாள். நான் பதினோரு நிமிஷம் எடுத்த ஒரு கவிஞரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் திரும்பி, “என்ன ஹமீது?” என்றேன். “ஒண்ணுமில்லக்கா. வாரேன்” என்று இறங்கிவிட்டாள்.

ஜூலையில் வரவில்லை. ஆகஸ்டிலும் வரவில்லை. சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஆத்திரம்தான். பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

செப்டம்பர் மாதம் கூட்டம் முடிந்து பெஞ்சுகளைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தோம். பாவா தனியாக மாடி ஏறி வந்தார். கையில் ஒரு ரெக்சின் பை, முகத்தில் பத்து நாள் தாடி. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

“ஹமீதுக்கு ஆப்பரேசன் ஆயிருச்சுக்கா. மதுரையில வச்சு. தொண்டையில கட்டி. கேன்சருன்னு சொல்லிட்டாவ.”

“இப்ப எப்படி இருக்கா?” என்று கேட்டேன்.

“அல்லாட கிருபையில உசுரு தப்பிச்சிருச்சு. குரல்தான் இல்ல. குரல்பெட்டிய முழுசா எடுத்துட்டாவக்கா. கழுத்துல ஓட்டை போட்டு வச்சிருக்கு, அது வழியாத்தான் மூச்சு. முன்னாலயே வந்திருந்தியன்னா கரண்டு வச்சே கட்டியக் கரைச்சிருக்கலாம், குரலு தப்பிச்சிருக்கும்னு சொன்னாரு டாக்டரு. எங்க வந்தோம்க்கா? ரத்தம் வந்த பொறவுதான் எங்கிட்டயே சொன்னா.”

எபனேசர் அண்ணாச்சி கையிலிருந்த பெஞ்சைப் பைய கீழே வைத்தார்.

“புள்ள ராவானா உம்மா பாட்டு வேணும்னு அழுவுதா. அவ பாடுனது எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. வீட்டுல வச்சு எடுக்க விட மாட்டா. ஒங்களுக்கும் அது ஆவாதுன்னு தெரியும். ஆனா அவ இன்னைக்கு நோட்டுல எழுதிக் காட்டுனா, பெர்லின் அக்கா போன்ல ஒண்ணு கெடக்கும், போயி வாங்கிட்டு வாங்கன்னு.” தயங்கிவிட்டு, “இருக்காக்கா?” என்றார்.

அப்போதுகூட எனக்கு நினைவு வரவில்லை. தேடி அனுப்புகிறேன் என்று சொன்னேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, ஊர்க் கூட்டமெல்லாம் அவளுக்காக துஆ செய்வதாகவும் என்னையும் ஜெபிக்கும்படியும் கேட்டுக்கொண்டு இறங்கிப் போனார். பையிலிருந்து ஒரு பொட்டலம் பிஸ்கட்டை எடுத்து மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இத்தனைக்கும் நடுவில் வெறுங்கையோடு வரக் கூடாது என்று தோன்றியிருக்கிறது அந்த மனுஷனுக்கு.

போனை எடுத்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஜூனில் அது கிடந்தது. தொடாத பதிவு. கீழே என்னுடைய ‘எழுதி அனுப்பு’, அதற்குக் கீழே அவளுடைய ‘சரிக்கா’. அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். அழுத்தினேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும்க்கா. பெர்லின் அக்கா, எனக்குத் தொண்டை சரியில்ல. சிரிச்சிராதிய. இது மைக்குல சொல்லுத தொண்டை சரியில்ல இல்லக்கா, நெசம்மாவே சரியில்ல. எச்சி முழுங்கினா முள்ளு கெடந்த மாதிரி இருக்கு. மாமிகிட்ட சொன்னா பாடித்தான் இப்படி ஆச்சும்பாவ. அவுககிட்ட சொன்னா பயந்து கடையப் பூட்டிட்டு உக்காந்துருவாவ. ஒருநா என்கூட டாக்டருகிட்ட வாரியளாக்கா? தனியாப் போவப் பயமா இருக்கு. நீங்க கூட இருந்தா டாக்டருகிட்டயும் சத்தம் போட்டுக் கேப்பிய.” இந்த இடத்தில் அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலாகப் போனது. உடனே, ஒரு மூச்சு விடாமல், “சரி, புதுப் பாட்டு ஒண்ணு, அர்வாவுக்கு” என்று பாடத் தொடங்கிவிட்டாள்.

கால்வாயில தண்ணி வந்திருச்சாம் – கொக்கு
காலு நனையாம நிக்கிதாம்
வேலைக்குப் போன வாப்பா வருமுன்ன – என்
வெள்ளாட்டுக் குட்டி உறங்குதாம்.

உடைந்த குரல்தான். ஆனாலும் அத்தனை அழகு. நாலு அடியையும் இரண்டு தடவை பாடிவிட்டு நிறுத்தியிருந்தாள்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுகிற ஆள் இல்லை நான். என் அம்மா இறந்தபோதுகூட வந்தவர்களுக்குக் காப்பி போடுவதைப் பற்றித்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷமாக இந்த மாடியில், அடுத்தவர் சொல்லுவதைக் கடைசி வரை கேட்க வேண்டும் என்று ஊருக்கே புத்தி சொன்னவள், இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி ஒருத்தி சொன்னதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அண்ணாச்சி ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “ஏம்மா, நான் கம்ப்யூட்டர்ல போட்டு, பாட்டை மட்டும் வெட்டித் தாரேன். முன்னால பேசுனது அவியளுக்கு எதுக்கு? புள்ள கேக்கப் போறது பாட்டைத்தான.”

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். பொய் சொல்லவில்லை, எனக்கு ஆசையாக இருந்தது. வெட்டிவிட்டால் பாவாவுக்குத் தெரியாது, அந்த மாமியாருக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் போனை வைத்துக்கொண்டு அலைந்தேன். ஆபீசில் ஒரு தகப்பனார் ஏதோ கேட்க, வேறெதையோ எழுதிக் கொடுத்து அனுப்பினேனாம்.

ஆனால் அந்தப் பேச்சும் அவள் குரல்தானே. உலகத்தில் அவள் குரல் என்று மிஞ்சியிருப்பது இரண்டு நிமிஷம் பதினாலு வினாடி. அதில் பாதியை, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதற்காக நான் வெட்டி எறிய முடியுமா? திங்கட்கிழமை சாயங்காலம் முழுசாக பாவாவுக்கு அனுப்பினேன். கூடவே, ‘இதை நான் அப்போது கேட்கவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்’ என்று எழுதினேன். அவர் பார்த்ததாகக் காட்டியது. பதில் வரவில்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்து மேலப்பாளையம் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. இதற்கு மேலும் போகாமல் இருந்தால் மனுஷப் பிறவியே இல்லை என்று தோன்றியதால் போனேன். பாவா கதவைத் திறந்தார். விலகி வழிவிட்டு, “வாங்கக்கா” என்றார்.

ஹமீது கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகியிருந்தாள். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி தளரக் கட்டியிருந்தது, மூச்சு விடும்போதெல்லாம் அது அசைந்தது. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். அவள் நோட்டை எடுத்து எழுதினாள். ‘மெலிஞ்சிட்டியளே அக்கா.’ எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவள் மாமியார் தேநீர் கொண்டு வந்து வைத்தார். நான் நினைத்திருந்தது போல முரட்டுக் கிழவி இல்லை, கண் சிவந்து போன ஒரு சின்ன உருவம். “ராவெல்லாம் அதப் போட்டுத்தான்மா புள்ள உறங்குதா. நாங்களும் கேட்டுக்கிட்டே கெடக்கோம்” என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

அர்வா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் மேடையில் அதட்டுகிறவள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நடு வீட்டில் நின்றாள்.

“நானும் பாடுவேன். உம்மா பாட்டு முழுசும் தெரியும் எனக்கு.”

“பாடு தங்கம்” என்றேன்.

பிள்ளை கரண்டியை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்ல ஆரம்பித்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்க்கா. பெர்லின் அக்கா, எனக்குத் தொண்டை சரியில்ல. சிரிச்சிராதிய.”

பாவா எழுந்து, “அர்வா, பாட்டை மட்டும் பாடுமா” என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவளைப் பொறுத்தவரை அது எல்லாமே பாட்டுதான். முள்ளு கிடந்த மாதிரி இருப்பதைச் சொன்னாள். மாமியைச் சொன்னாள். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். கடையைப் பூட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் என்று சொன்னாள். பாவா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உம்மா எந்த இடத்தில் குரலை இறக்கினாளோ அந்த இடத்தில் பிள்ளையும் இறக்கினாள்.

“ஒருநா என்கூட டாக்டருகிட்ட வாரியளாக்கா? தனியாப் போவப் பயமா இருக்கு.”

ஹமீது என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை என் கையில்தான் இருந்தது. வாரேன் என்று சொல்லிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு. இப்போது சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரிந்தும், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பதிவில் பதிலுக்கு அவள் இடம் விடவே இல்லை. பிள்ளை உம்மாவைப் போலவே சிரித்து, உம்மாவைப் போலவே இருமினாள்.

“ஹமீது, நான் வார…”

“சரி, புதுப் பாட்டு ஒண்ணு, அர்வாவுக்கு” என்று பிள்ளை தொடங்கிவிட்டாள். ஹமீது பீவி என் கையை விட்டு, விரலைத் தன் உதட்டில் வைத்து, பேசாமல் கேட்கும்படி எனக்குச் சைகை காட்டினாள்.